உன் படத்தில் எல்லோரும் சிரிக்கிற அந்தப் பெண்

தம்பி,

போனில் கூப்பிட்டால் "மிக்ஸிங்ல இருக்கேம்மா, அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். நீ சொல்லும் அப்புறம் பொங்கலிலிருந்து இன்றுவரை வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். சொல்ல வந்ததில் கோணல் கிடையாது. ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, முழுதாகப் படி. கோபம் வந்தால் கடைசி வரி முடிந்த பிறகு கோபித்துக்கொள்.

அடுத்த வெள்ளிக்கிழமை உன் படம் வருகிறது. புதுக்கோட்டையில் காலைக் காட்சிக்கு உன் அக்கா வேன் பேசிவிட்டாள். வல்லத்திராக்கோட்டையில் அவள் தெருவிலிருந்து மட்டும் பதினெட்டுப் பேர். அவள் மாமியார், பால் சொசைட்டியில் அவளோடு வரிசையில் நிற்கிற பெண்கள், அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்து அதே ஊரில் வாக்கப்பட்ட இரண்டு பேர், எல்லோரும் வருகிறார்கள். டவுன் பஸ் கண்டக்டரிடம்கூட "எந்தம்பி எடுத்த படம், பாக்காம விட்றாதீங்க" என்று சொல்லியிருக்கிறாள். துபாயில் இருக்கிற உன் மச்சானுக்கு அங்கே படம் வருமா என்று தினமும் கேட்கிறாளாம். என்னிடம், "அம்மா, ஒனக்கு வேன்ல வாந்தி வரும், நீ முன்சீட்டுல உக்காந்துக்க" என்கிறாள். நான் "ம்" என்கிறேன். வேனில் ஏறப்போகிற அத்தனை பேரில், அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். 

பொங்கலுக்கு நீ வந்தபோது, அக்கா கந்தர்வக்கோட்டைக்குக் காதுகுத்துக்குப் போயிருந்த நாளில் லேப்டாப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாய். அந்த நாள் தானாக அமைந்ததா, நீ பார்த்து வைத்ததா, உனக்குத்தான் வெளிச்சம். கதை, வசனம், இயக்கம் என்று உன் பெயர் வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தேன். நம் வீட்டுப் பெயர் அவ்வளவு பெரிய எழுத்தில் அதற்கு முன் ரேஷன் கடைச் சுவரில்கூட வந்ததில்லை. அந்தப் பெருமையில்தான் முழுப் படத்தையும் பார்த்துவிட்டு, நீ "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டபோது, "நல்லாருக்குப்பா" என்றேன். அது பொய். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய், நான் இன்னும் ஒரு தடவை அதே பொய்யைச் சொன்னேன். முதலில் அதை ஒப்புக்கொண்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

உன் படத்துப் பள்ளிக்கூடத்தில் யார் படிக்கிறார்கள்? முதல் பெஞ்சில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி. அவளுக்குப் புத்தகத்தைத் தவிர உலகத்தில் எதுவும் தெரியாது, வாத்தியார் கேள்வியை முடிக்கும் முன்பே கையைத் தூக்குகிறாள். கடைசி பெஞ்சில் உன் கதாநாயகன். படிக்க மாட்டான், எல்லோரையும் அடிப்பான், மனசு மட்டும் தங்கம். குண்டுப் பையன் ஒருத்தன் படம் முழுக்கத் தின்றுகொண்டே இருக்கிறான். வாயில் பஜ்ஜி இல்லாமல் அவனை ஒரு இடத்தில்கூட நான் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஒரு நாளாவது வயிறு வலித்திருக்காதா? அப்புறம் பட்டணத்திலிருந்து மாற்றலாகி வந்த சிவப்பான பெண். அவள் நடந்தால் மட்டும் காற்று அடிக்கிறது, முடி பறக்கிறது. ரெட்டைச் சடை பின்னி, மடித்து, ரிப்பன் கட்டாமல் எந்தப் பெண் பிள்ளையை நீ படித்த பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்ட விட்டார்கள்? நீயும் அங்கேதானே ஏழு வருஷம் படித்தாய்? கண்ணை மூடிக்கொண்டா போய்வந்தாய்?

உன் அக்கா மகள் நிவேதாவிடம், உன் படத்தைச் சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன். பதினொன்றாம் வகுப்பு படிக்கிற பிள்ளை, இந்த மாதிரிப் படங்களை எல்லாம் போனில் பார்த்துத் தள்ளுகிறவள். "அது எல்லாத்துலயும் அஞ்சே பேருதான் அம்மாச்சி. படிக்கிறது, அடிக்கிறது, திங்கிறது, லவ் பண்றது, அழுவுறது" என்றாள். "நீ அதுல எதுடி?" என்றேன். "காலையில படிக்கிறது. ரெண்டாவது பீரியட்ல டெஸ்க்குக்கு அடியில வச்சுத் திங்கிறது. சாயங்காலம் கோ-கோ கிரவுண்டுல அடிக்கிறது. பிசிக்ஸ் பேப்பர் திருத்திக் குடுக்குற அன்னைக்கு அழுவுறது." "ஒண்ணு விட்டுப்போச்சே?" என்றேன். "ஒங்கிட்டச் சொன்னா அம்மாக்கிட்டச் சொல்லிருவ. போ அங்கிட்டு" என்று ஓடிவிட்டாள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு இது தெரிகிறது. ஒரே நாளில் அவள் ஐந்தாகவும் இருக்கிறாள், ஆறாவதாக ஒன்றையும் ஒளித்து வைத்திருக்கிறாள். சினிமாப் படிப்பு படித்த நீ, ஆளுக்கு ஒரு குணத்தைப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டு, இதுதான் எங்க ஊர்ப் பள்ளிக்கூடம் என்கிறாய்.

சரி, அதெல்லாம் உன் தொழில். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், எனக்கென்ன என்று விட்டிருப்பேன். ஆனால் அந்த வகுப்பில் இன்னொரு பெண் வருகிறாள். காலையில் மாட்டு வேலை பார்த்துவிட்டு ஓடிவருகிறவள். அவள் உள்ளே வந்தால் எல்லோரும் மூக்கைப் பொத்துகிறார்கள். குண்டுப் பையன்கூட பஜ்ஜியைக் கீழே வைக்கிறான். அவளுக்கு நீ வைத்த பெயர் "சாணி ராணி". அவள் வரும்போதெல்லாம் ஒரு கோணங்கி மியூசிக். அப்புறம் உன் கதாநாயகன் பிரேயரில் எல்லோர் முன்னாலும் அவளுக்காகச் சண்டை போடுகிறான். ஒரு வாசனை சோப்பு வாங்கிக் கொடுக்கிறான். மறுநாள் அவள் குளித்து, முடியை விரித்துப் போட்டு, மல்லிகைப்பூ வைத்து வருகிறாள். மூக்கைப் பொத்தியவர்கள் எல்லாம் வாயைப் பிளக்கிறார்கள். ஏன்டா, ஒரு சோப்புதான் குறையா? அதைத் தேய்த்ததும் மனுஷி ஆகிவிட்டாளா?

ராணி என்பது உன் அக்கா பெயர். செல்வராணி என்று மாற்றிக்கூட எழுத உனக்குக் கை வரவில்லை. அந்தப் பட்டப்பெயரைச் சொல்லி அந்தக் காலத்தில் அவளை எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்று உனக்கும் தெரியும், அவளோடு படித்தவர்களுக்கும் தெரியும். அதில் இரண்டு பேர் வேனில் வருகிறார்கள்.

கதாநாயகன் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்காகச் சண்டை போட்டவன் யார்? நீ ஒன்பதாவது, அவள் பதினொன்றாவது. ஒரு நாள் நீ டிபன் டப்பாவை மறந்துவிட்டுப் போனாய். அவள் எடுத்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்தாள். கூட நின்ற பையன் உன்னிடம் "யார்டா அது?" என்றான். நீ டப்பாவை வாங்கிக்கொண்டு, "எங்க வீட்டுக்குப் பால் ஊத்துற பொண்ணு" என்றாய். அவள் திரும்பி நாலு அடி போயிருந்தாள். காதில் விழுந்திருக்காது என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். விழுந்தது. அன்று சாயங்காலம் கிணற்றடியில் என்னிடம் வந்து சொல்லிவிட்டு அழுதாள். மறுநாளிலிருந்து உன் வகுப்பு இருந்த பக்கமே போகாமல், பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். பன்னிரண்டாவது முடிகிற வரைக்கும் அப்படித்தான் போனாள்.

உனக்கு அது உறுத்தியிருக்கிறது. உறுத்தாமல் அப்படி ஒரு சீன் எழுத வராது, அந்த அளவுக்கு எனக்கும் புரியும். உறுத்தினால் வல்லத்திராக்கோட்டைக்கு பஸ் ஏறி வந்து அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ என்ன செய்தாய்? அழகான பையன் ஒருத்தனைப் பிடித்து, நீ செய்யாததை அவனைச் செய்ய வைத்து, அவன் முகத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாய். அவளை அதே இடத்தில், அதே பெயரோடு, அதே நாற்றத்தோடு நிறுத்திவிட்டாய். உன்னை மட்டும் மாற்றி எழுதிக்கொண்டாய்.

உன்னைத் திட்டுகிறேனே, இதை எல்லாம் தொடங்கி வைத்தவள் நான். அதையும் சொல்லியாக வேண்டும். உன் அப்பா திருப்பூரில் இருந்த காலம். விடிந்தால் நான் முந்திரிக்கொட்டை உடைக்கப் போய்விடுவேன். மாட்டைக் கறப்பது, சாணி அள்ளுவது, வீடு வீடாகப் பால் கொண்டுபோவது எல்லாம் அவள் தலையில். உன்னை எழுப்ப மாட்டேன். "படிக்கிற புள்ள, தூங்கட்டும்" என்பேன். நீ படிக்கிற பிள்ளை, அவள் வேலை செய்கிற பிள்ளை என்று நானே இரண்டு பேருக்கும் வேஷம் கொடுத்துவிட்டேன். பத்தாவதில் அவள் வாங்கிய மார்க்கை இரண்டு வருஷம் கழித்து நீ வாங்கவில்லை. அப்போதும் நான் மாற்றிச் சொல்லவில்லை. கல்லூரிக்கு உன்னை அனுப்பினேன். அவள் கேட்டபோது, "மாட்டை யாரு பாக்குறது?" என்றேன். அன்று கிணற்றடியில் அவள் அழுதபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "குளிச்சுட்டுப் போயிருந்தா அவன் ஏன்டி அப்புடிச் சொல்லப்போறான்?" உன் படத்தில் சோப்பு கொடுக்கிற பையனுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இன்னொன்றையும் நீ மறந்துவிட்டாய், அதுதான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் போடுகிற படத்தைப் பார்க்க அடுத்த வீட்டுக்கு உன்னை அனுப்ப மாட்டேன், படிப்பு கெட்டுவிடும் என்று. அவளைப் பற்றி எனக்கு அந்தக் கவலை இல்லை, அதனால் அவள் போவாள். திங்கட்கிழமை சாயங்காலம் மாடு கறக்கும்போது, நீ காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு எதிரில் உட்கார்வாய். அவள் முழுப் படத்தையும் சொல்வாள். அப்பன், மகன், வில்லன், போலீஸ் என்று ஆளுக்கு ஒரு குரல். சண்டை வரும் இடத்தில் மட்டும் குசுகுசுவென்று சொல்வாள். சத்தம் போட்டால் மாடு உதைக்கும். "கத்தி சொல்லுக்கா" என்று நீ அடம்பிடிப்பாய். "ஒனக்குச் சண்டை வேணுமா, பாலு வேணுமா?" என்பாள். கதாநாயகிக்குத் தோழி ஒருத்தி வருவாளே, சிரிக்க வைப்பதற்காக, அவள் பாதியில் காணாமல் போய்விடுவாள். நீ விடாமல் கேட்பாய், "அவ எங்கக்கா போனா?" அக்கா உடனே, "வீட்டுக்குப் போயிருப்பா. ஏண்டி இம்புட்டு நேரம்னு அவ ஆத்தா வஞ்சிருக்கும். அவ கோவிச்சுக்கிட்டுச் சோறு திங்காமப் படுத்திருப்பா" என்று படத்தில் இல்லாத கதையை எல்லாம் அவிழ்த்துவிடுவாள். நான் சாணிக் கூடையோடு நின்று கேட்டிருக்கிறேன். நீ முதலில் சினிமா பார்த்தது தியேட்டரில் இல்லை, அந்த மாட்டுக்கொட்டகையில். பேட்டியில், சின்ன வயதிலிருந்தே எனக்குக் கதை சொல்லும் ஆசை என்று பேசுகிறாய். அந்த ஆசை உனக்கு எங்கிருந்து ஒட்டியது? உனக்குக் கதை சொல்லக் கற்றுக்கொடுத்தவள் உன் கதையில் மற்றவர்கள் மூக்கைப் பொத்துவதற்கு மட்டும் வருகிறாள்.

இது பழைய கதையாக இருந்தால்கூட மனதை ஆற்றிக்கொள்வேன். அக்கா இன்றைக்கும் இரண்டு மாடு வைத்திருக்கிறாள். நிவேதா காலையில் அம்மாவுக்குக் கூடமாட உதவிவிட்டு, பால் கேனை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு போய் சொசைட்டியில் ஊற்றிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறாள். அவள் ராணி மகள் என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். எங்க மாமா படம் என்று இவளும் பறைசாற்றி வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை படம் வந்தால், திங்கட்கிழமை அந்தப் பிள்ளை வகுப்புக்குள் நுழைய வேண்டும். யாராவது ஒருத்தன் மூக்கைப் பொத்தினால் போதும். அதற்கு மியூசிக்கும் நீயே போட்டுக் கொடுத்திருக்கிறாய்.

நேற்று அக்கா வீட்டுக்குப் போனேன். எனக்கு உடம்பு சரியில்லை, வேனில் வரமாட்டேன் என்று சொல்லி நழுவத்தான் போனேன். அவள் கொடியிலிருந்து துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். தியேட்டருக்குக் கட்டப்போகிற சேலையைக் காட்டினாள், அரக்குச் சேலை. அதைப் பார்த்ததும் சொல்ல வந்த பொய் வாயில் வரவில்லை. வேறொன்று வந்தது.

"ராணி, அன்னைக்குக் கிணத்தடியில ஒன்னையத் திட்டுனேன்ல."

"எந்த அன்னைக்கும்மா? நீ திட்டாத நாளைச் சொல்லு, அதுதான் ஞாபகம் இருக்கும்" என்று சிரித்தாள்.

"அதான்டி, சைக்கிள் ஸ்டாண்டுல தம்பி சொன்னான்னு வந்து அழுத அன்னைக்கு."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "அது இப்ப எதுக்கு?" என்றாள்.

"குளிச்சுட்டுப் போகவேண்டியதானேன்னு கேட்டேன். அது தப்புடி."

கையிலிருந்ததை மடித்து அடுக்கினாள். அப்புறம் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கு நான் குளிச்சுட்டுத்தாம்மா போனேன். அவன் பிரண்ட்ஸ் எல்லாம் நிப்பாங்கன்னு, டப்பாவை எடுத்து வச்சுட்டு, ரெண்டு வாளி ஊத்தி, துவைச்ச யூனிபார்ம் போட்டுக்கிட்டுத்தான் போனேன். அதுலதான் மொத பீரியடே போயிருச்சு."

 இத்தனை வருஷமாக அவள் இதை என்னிடம்கூடச் சொல்லவில்லை. சொல்ல நான் எங்கே விட்டேன்? அப்புறம் அவளே, "சின்னப்புள்ளம்மா அவன், பயந்துட்டான். இப்ப மறந்துருப்பான். நீ பாட்டுக்கு இதை அவங்கிட்டப் பேசிவைக்காத. படம் வர்ற நேரத்துல மனசு சங்கடப்படுவான்" என்றாள். கேட்டாயா? வெள்ளிக்கிழமை அவளை ஊர் முன்னால் உட்கார வைத்து நீ என்ன செய்யப்போகிறாய் என்று தெரியாமல், உனக்குச் சங்கடம் வரக் கூடாது என்று கவலைப்படுகிறாள்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். படத்தில் ஒரு பெயரை மட்டும் மாற்ற முடியுமா என்று நிவேதாவிடம் கேட்டேன். "டப்பிங்ல மாத்தலாம் அம்மாச்சி, ஏன் கேக்குற?" என்றாள். சும்மா கேட்டேன் என்று சமாளித்தேன். முடியும் என்றால் அந்தப் பெயரை எடு. தியேட்டர்களுக்குப் படக் காப்பி போய்விட்டது, தயாரிப்பாளர் விடமாட்டார் என்று நீ ஏதாவது காரணம் சொல்லலாம். அது எனக்குத் தெரியாத தொழில், வாதாட மாட்டேன். ஆனால் இன்னொன்றுக்கு உனக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் வேலை எல்லாம் முடித்துவிட்டு வீட்டில் இருப்பாள். நீ வந்து, அந்தப் படத்தில் என்ன வைத்திருக்கிறாய் என்று அவளிடம் உன் வாயால் சொல். சோப்பு சீனையும் விடாமல் சொல். சைக்கிள் ஸ்டாண்டில் நீ சொன்னதைச் சொல். அவள் அழுதால் நில். திட்டினால் கேள். சினிமாவில் இப்படித்தான் வைப்பார்கள், அப்போதுதான் ஜனங்களுக்குப் பிடிக்கும் என்று மட்டும் அவளுக்கு விளக்கம் கொடுக்காதே. சினிமாவைப் பற்றி உனக்கு முன்னால் தெரிந்தவள் அவள்.

நான் உன் கூட வரமாட்டேன். இருபது வருஷத்துக்கு மேலாக உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, அவளிடம் "தம்பிக்கு வேலை அதிகம்" என்றும், உன்னிடம் "அக்கா அதெல்லாம் மனசுல வச்சுக்க மாட்டா" என்றும் சொல்லிச் சொல்லி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவிடாமல் செய்தவள் நான். இனிமேல் அந்த இடத்தில் நிற்க மாட்டேன்.

நீ வராவிட்டால் வியாழக்கிழமை சாயங்காலம் நானே போய்ச் சொல்வேன். நீ செய்ததையும், நான் பார்த்துவிட்டு நல்லாருக்கு என்று சொன்னதையும் சேர்த்துச் சொல்வேன். வேன் கிளம்புமா கிளம்பாதா என்பதை அவள் முடிவு செய்யட்டும். அவள் குணம் எனக்குத் தெரியும், தான் கூப்பிட்டவர்களை ஏமாற்றக் கூடாது என்று அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அப்படிக் கிளம்பினால் நான் முன்சீட்டில் உட்கார மாட்டேன். வாந்தி வந்தாலும் பரவாயில்லை, பின்னால் போய் அவளுக்கு ஒரு பக்கம் உட்காருவேன். தியேட்டரிலும் அவளுக்கு ஒரு பக்கம் நான்தான். அந்தப் பெயர் வரும்போது ஜனங்கள் சிரிப்பார்கள். அப்போது அவளுக்கு இன்னொரு பக்கத்துச் சீட்டில் நீ உட்கார்ந்திருக்க வேண்டும், தம்பி. கூட்டத்தில் யாராவது உன்னிடம் "யாருங்க இவங்க?" என்று கேட்டால், அவள் காதில் விழும்படி பதில் சொல்ல வேண்டும்.

உன் அம்மா